மூடியில் வைத்த பொட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. நான் வண்டி ரிப்பேர் படிக்கப் போனதே ஒரு கோபத்தில்தான்.

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, பாகூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு விண்ணப்பம் கொடுக்கப் போயிருந்தேன். காமர்ஸ் கேட்கத்தான் போனேன். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, காமர்ஸுக்குப் பெயரை எழுதி வைக்கிறேன், இடம் இருந்தால் பார்க்கலாம் என்றார். வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஆட்டோமொபைல் இருக்கிறது, ஆனால் அது பசங்க எடுக்கிற குரூப்பும்மா, நீ போய் வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்றார். அந்த நிமிஷம் வரைக்கும் ஆட்டோமொபைல் என்ற சொல்லுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆட்டோ ஓட்டக் கற்றுத் தருவார்கள் என்றுகூட நினைத்திருப்பேன். ஆனால் "பசங்க" என்று அவர் இழுத்த இழுப்பு இருக்கிறதே, அதுதான் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எழுதுங்க சார்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதத்தான் சொல்றேன், எழுதுங்க."

வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போதுதான் அம்மா நினைவுக்கு வந்தாள். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

என் அம்மா மணப்பட்டுக் கரையில் மீன் எடுத்து, மொபெட்டின் பின்னால் பெட்டி கட்டி, கன்னியக்கோயில், பாகூர், குருவிநத்தம் என்று தெருத் தெருவாக விற்பவள். அப்பா படகுக்குப் போகிறவர், சாது. வீட்டில் சட்டதிட்டம் எல்லாம் அம்மாவுடையது. என் கோபம் எங்கிருந்து வந்தது என்று யாரும் தேடி அலைய வேண்டியதில்லை.

வகுப்பு தொடங்கி ஒரு வாரம் மறைத்தேன். எட்டாம் நாள் சாப்பிடும்போது தண்ணீர்ச் செம்பை நீட்டினேன், அம்மா என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். "இன்னாடி இது, மண்ணெண்ண நாத்தம்?" மண்ணெண்ணெய் இல்லை, பெட்ரோல் என்று சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. தன் கையை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாரு. எலுமிச்சம்பழம் தேய்ச்சாலும் போவாது, சீயக்கா போட்டாலும் போவாது. உன் கையில ஒரு நாத்தமும் இருக்கக்கூடாதுன்னுதான்டி உன்னப் படிக்க வெச்சேன்."

நான் பதிலுக்குக் கத்தாமல் எழுந்து போய்க் கையைக் கழுவினேன். அது அபூர்வம்.

மறுநாள் அம்மா மீன் பெட்டியோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். தலைமையாசிரியை பொறுமையாகப் பேசினார். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற திங்கட்கிழமை வரைக்கும் குரூப் மாற்றிக்கொள்ளலாம், அதற்குள் காமர்ஸில் ஓர் இடம் காலியாகும் என்று சொல்லி ஒரு படிவமும் கொடுத்தார். அம்மா அதை அங்கேயே அவரை நிரப்பித் தரச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, நாலாக மடித்துத் தன் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். அதுக்குள்ள உருப்படியா ஒரு வேல கத்துகினியானா பாக்கலாம், இல்லன்னா இத்தக் குடுத்துடுவேன் என்றாள். அன்றிலிருந்து அம்மா யாருக்காவது சில்லறை கொடுக்கப் பையைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் படிவத்தின் முனை எட்டிப் பார்க்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப் முன்பு சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையாக இருந்தது. உள்ளே பாதியாக அறுத்துச் சிவப்பும் மஞ்சளும் அடித்த ஓர் இன்ஜின். சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் நின்ற ஒரு ஜீப். மாணவர்கள் இருபது பேர். பெண்கள் நானும், பாகூரில் கரும்பு போடுகிற வீட்டிலிருந்து வந்த இன்னொருத்தியும். அவள் வீட்டில் டிராக்டர் இருந்தது. அதை யாரும் தொட விடவில்லை என்பதற்காகவே சேர்ந்தவள். எங்கள் இரண்டு பேருக்கும் முதல் நாளே ஒட்டிக்கொண்டது.

பாடம் எடுக்கிற சார் திருபுவனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். வாத்தியார் வேலைக்கு வருவதற்கு முன் பெரிய சர்வீஸ் சென்டரில் இருந்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து ஜாப் கார்டு. ஒரு நட்டை இறுக்குவதாக இருந்தாலும் கார்டு எழுதாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது. குறை, காரணம், செய்த வேலை என்று மூன்று கட்டம், அடியில் வண்டிக்காரர் கையெழுத்து. காரணம் எழுதாத கார்டைக் கிழித்துப் போட்டுவிடுவார். என் கூட்டாளி ஒருநாள் மதியம் தன் டிபன் பாக்ஸுக்கே கார்டு எழுதினாள். குறை: மூடி திறக்கவில்லை. காரணம்: அம்மா. செய்த வேலை: பட்டினி. சார் அதைப் படித்துவிட்டுச் சிரிக்காமல், கஸ்டமர் கையெழுத்து எங்கே என்று கேட்டார்.

அந்த நான்கு மாதத்தில் எனக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. எப்படிச் சொல்வது? கணக்கில் நான் போட்ட விடை சரியா தப்பா என்று தெரிய ஒரு வாரம் ஆகும். இங்கே பிளக்கைத் துடைத்து மாட்டி உதைத்தால் உடனே தெரிந்துவிடும். கோபக்காரிக்கு ஏற்ற படிப்பு. கரி பிடித்த கையோடு வீட்டுக்குப் போகும் வழியில் எனக்குள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். வீட்டு வாசலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்போது அது போய்விடும்.

பூஜை நெருங்கியது. வீட்டில் யாரிடமாவது வண்டி இருந்தால் கொண்டு வாருங்கள், முழுசாக சர்வீஸ் செய்து பூஜையும் போட்டு அனுப்பலாம், அதுவே பிராக்டிகல் என்றார் சார். நான் அம்மாவிடம் போய் நின்றேன். அது புரட்டாசி. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகள் அந்த மாதம் மீனைத் திரும்பிப் பார்க்காது. வியாபாரம் படுத்துக் கிடந்ததால் அம்மா வண்டியைக் கொடுத்தாள். கொடுக்கும்போது, இந்த வண்டி ஒரு நாளும் என்னை வழியில் நிறுத்தியதில்லை, அதை மனசில் வைத்துக்கொண்டு தொடு என்று சொன்னாள்.

பிரித்தோம். துடைத்தோம். ஏர் பில்டரைச் சுத்தம் செய்தோம், செயினுக்கு எண்ணெய் விட்டோம், பிரேக்கைச் சரி செய்தோம். நாலு ஷாம்பு பாக்கெட் போட்டுக் குளிப்பாட்டியதில் அந்த வண்டியிலிருந்து மீன் வாடையே போய்விட்டது. அப்படி ஒரு நாள் வரும் என்று அந்த வண்டியே நினைத்திருக்காது.

பூஜை நாள் விடுமுறை என்பதால் முந்தின நாள் புதன்கிழமையே பள்ளியில் பூஜை. ஸ்பேனர்களையெல்லாம் வாழையிலையில் வரிசையாக அடுக்கினோம். பொரி, சுண்டல், பூசணிக்காய், வாசலில் வாழைக்கன்று. பொட்டு வைக்கிற வேலை என்னுடையது. எண்ணெய் பட்ட இரும்பில் சந்தனம் நிற்காது, காய்ந்ததும் உதிர்ந்துவிடும். அதற்கு நான் ஒரு யோசனை செய்தேன். வகுப்பில் சார்ட் ஒட்டுகிற கம் பாட்டிலை எடுத்து வந்து சந்தனத்தில் கொஞ்சம் கலந்தேன். எவ்வளவு அழகாகப் பிடித்தது தெரியுமா! ஹெட்லைட்டில் ஒன்று, இன்ஜினில் ஒன்று, பெட்ரோல் டாங்க் மூடியில் ஒன்று. மூடியின் நடுவில், பொட்டு வைப்பதற்கென்றே போட்டதுபோல ஒரு சின்னக் குழி இருந்தது. அதில் பதமாக வைத்து மேலே குங்குமமும் இட்டேன். சார் வந்து பார்த்து, கம்பெனி பெயிண்ட் மாதிரி இருக்கிறதே என்று பாராட்டினார். நான் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

கருவிகளைப் பூஜையில் வைத்தபடியே கொட்டகையைப் பூட்டினார்கள்; வண்டியை மட்டும் நான் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வியாழன், வெள்ளி விடுமுறை. அம்மாவும் வண்டியை எடுக்கவில்லை.

சனிக்கிழமை ஐப்பசி பிறந்தது. அம்மா கொஞ்சமாக மீன் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பாகூர் போய் வருவதற்குள் வண்டி நான்கு தடவை நின்றிருக்கிறது. நீங்க கை வெக்கற வரைக்கும் நல்லாதான ஓடிச்சி என்றாள். நான் சாருக்குப் போன் போட்டேன். அவர் யோசிக்கவேயில்லை, கார்ப்பரேட்டர்தான், கழற்றிச் சுத்தம் செய் என்றார். ஸ்பேனர் எல்லாம் பள்ளியில் பூட்டிக் கிடக்கின்றன, சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் மாமியார் ஊரில். கூட்டாளி தன் வீட்டு டிராக்டர் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் வந்தாள். அதிலிருந்த ஸ்பேனர் ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். தேடித் தேடி ஒன்று பொருந்தியது. கார்ப்பரேட்டரைக் கழற்றி, ஊதி, துடைத்து மாட்டினோம். முதல் உதையிலேயே எடுத்தது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இரண்டு பேரும் குதித்தோம். அம்மா நெற்றியைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஐப்பசியின் முதல் ஞாயிறு. மீன் விற்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. ஒரு மாதம் வாயைக் கட்டியிருந்த வீடுகளெல்லாம் காலையிலேயே பாத்திரத்தோடு வாசலில் நிற்கும். அம்மா பெட்டி நிறையச் சங்கராவும் நெத்திலியும் ஏற்றிக்கொண்டு, விடிந்ததும் வண்டிக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டுப் போனாள்.

மதியம், கடைசியாக நின்ற இடத்திலிருந்து, வெறுத்துப்போய் உதைக்காமலே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சேலை முழுக்க வியர்வை. ஒரு கிலோமீட்டர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும், நிற்கும். இவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாத் தெருவிலும் வேறு யாராவது முந்தியிருக்கிறார்கள். பாதி மீனைக் கன்னியக்கோயில் ரோட்டோரத்தில் வைத்து, கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்திருக்கிறாள். ஸ்டாண்டு போட்டாள். சுருக்குப் பையைத் தட்டிக் காட்டினாள்.

"நாளைக்கு ஸ்கூலுக்கு வருவேன். வண்டி ஓடிச்சின்னா வண்டியில வரேன், இல்லன்னா பஸ்ஸுல வரேன். பஸ்ஸுல வந்தேன்னா எதுக்கு வரேன்னு உனக்கே தெரியும்."

எனக்கு அழுகை வந்தது. அம்மாவின் ஞாயிற்றுக்கிழமையை நான்தான் பாழாக்கினேன். குரூப் போவது ஒரு பக்கம், அவள் வியர்த்து வந்த கோலம் ஒரு பக்கம். அழுதுகொண்டிருந்தால் ஆகாது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வா, நீ ஓட்டு, நான் பின்னால் உட்காருகிறேன், எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

கன்னியக்கோயிலைத் தாண்டுவதற்குள் இன்ஜின் இருமியது, இழுத்தது, நின்றது. அம்மா இறங்கினாள். டாங்க் மூடியைத் திருகித் திறந்து, உள்ளே பார்த்து, வண்டியை ஓர் ஆட்டு ஆட்டி, மூடி, உதைத்தாள். எடுத்துவிட்டது.

நிற்கும்போதெல்லாம் இப்படியா செய்கிறாய் என்று கேட்டேன். நின்னா பெட்ரோல் இருக்குதான்னு பாக்க வாணாமா என்றாள். மூடியைத் திறந்து மூடியதும் எப்போதும் எடுத்துவிடுமா? ஆமாம், எடுத்துவிடும். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. இரண்டு நாளாகக் கார்ப்பரேட்டரைக் கழற்றத் தெரிந்தது, போன் போடத் தெரிந்தது. வண்டியை ஓட்டியவளை ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த தடவை நின்றபோது, நான் சொன்ன பிறகு திற என்று சொல்லிவிட்டுக் காதை மூடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அம்மா திருகினாள். புஸ் என்று காற்று உள்ளே போனது. எண்ணெய் டின்னில் இரண்டு ஓட்டை போடுவோமே, ஒன்று ஊற்ற, ஒன்று காற்றுப் போக. ஒரே ஓட்டை என்றால் எண்ணெய் இறங்காது. பெட்ரோல் டாங்கும் அதே கதைதான். காற்று உள்ளே போக மூடியில் ஒரு துளை இருக்க வேண்டும். அந்தத் துளை எங்கே என்று மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

துளை இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் என் பொட்டு இருந்தது. கல் மாதிரி, கெட்டியாக, கம்பெனி பெயிண்ட் மாதிரி.

முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. அம்மாவின் வளையலில் தொங்கிய ஊக்கைக் கேட்டு வாங்கி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குத்திக் குத்தி எடுத்தேன். சந்தனம் அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. நான் வைத்ததைவிடக் கனமாக இருப்பதுபோல் தோன்றியது. பதற்றத்தில் அதை யோசிக்கவில்லை. என்னடி என்று அம்மா கேட்டாள். காற்றுப் போகிற ஓட்டை அடைத்திருந்தது என்றேன். எது அடைத்தது? அழுக்கு என்றேன். வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

பாகூர் ஏரிக்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நான் பின்னால் உட்கார்ந்து அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் இறங்கியதும், நாளைக்கு யாவாரத்துக்குப் போயி வரேன், அப்புறம் பாக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை சாரிடம், மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தது என்று மட்டும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். எடுத்த எடுப்பில் கார்ப்பரேட்டர் என்று சொன்னது என் தப்பும்மா, மூடியை முதலில் பார்த்திருக்க வேண்டும் என்றார். அவரே தப்பை ஒத்துக்கொண்டது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அடுத்த நொடியே ஜாப் கார்டை நீட்டினார். உன் அம்மா கஸ்டமர், கையெழுத்து வாங்கு என்றார்.

குறை: ஓடும்போது வண்டி நின்றுவிடுகிறது. செய்த வேலை: மூடியின் காற்றுத் துளை சுத்தம் செய்யப்பட்டது. நடுவில் இருந்த கட்டம் காலியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. தூசின்னு எழுதுடி, யாருக்குத் தெரியப்போவுது என்று கூட்டாளி காதைக் கடித்தாள். எழுதியிருக்கலாம். பொட்டு என்று எழுதினால், வண்டியைக் கெடுத்தவளும் நான், சரி செய்தவளும் நான் என்றாகிவிடும். அதில் என்ன உருப்படியான வேலை இருக்கிறது? படிவம் பையிலிருந்து வெளியே வந்துவிடும். ஆனால் அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது கண்ணை விட்டுப் போகவில்லை. அவளைத் தள்ள வைத்தது தூசி இல்லை, நான்தான். எனக்குக் கோபம் வந்தால் கை நிற்காது என்பது நல்லதுக்குத்தான். என் மேல் வந்த கோபத்தில் எழுதி முடித்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு பஸ் வந்தது. எட்டிப் பார்த்தேன், யாரும் இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. ஆயிரம் வண்டிக்கு நடுவிலும் எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். அம்மா காலிப் பெட்டியோடு வண்டியைக் கொட்டகை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினாள்.

வண்டிக்கு என்ன ஆயிற்று என்று சாரைக் கேட்டாள். சார் கார்டைக் கொடுத்தார். அம்மா அதிகம் படிக்கவில்லை. எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பாள். இருபது பேர் நிற்க, அவள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். "காரணம். பெட்ரோல் மூடியின் காற்றுத் துளையில் பசை கலந்த சந்தனப் பொட்டு. வைத்தது நான்."

சார் முகத்தை ஜீப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாராட்டியவர் அவர்தானே.

அம்மா கார்டிலிருந்து நிமிரவேயில்லை. பிறகு அவள், யாரிடமோ ரகசியம் சொல்கிற குரலில், "ஒரு பொட்டு இல்ல சார், ரெண்டு" என்றாள்.

சார் திரும்பினார்.

"ஞாயித்துக்கெழம விடியக்காலைல நானும் ஒன்னு வெச்சேன். கண்ணு பட்டுடுச்சின்னு நெனச்சிகினு அதும் மேலயே அழுத்தி வெச்சேன். எழுதுடி அத்தையும்."

எனக்கு முன்னால் கூட்டாளிதான் சிரித்தாள். பிறகு கொட்டகையே சிரித்தது. நான் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும், "வைத்தது நானும் அம்மாவும்" என்று திருத்தினேன். அம்மா அடியில் கையெழுத்துப் போட்டாள்.

அப்புறம் சுருக்குப் பையைத் திறந்தாள். அந்தப் படிவத்தை எடுத்தாள். அவள் மொபெட்டுக்குப் போய், இன்னும் கொஞ்சம் ஒட்டிகினு இருக்குது பாரு என்று சொல்லிக்கொண்டே, நாலாக மடித்திருந்த படிவத்தால் மூடியை நன்றாகத் தேய்த்துத் துடைத்தாள். கசங்கிய தாளைக் கொட்டகைக் குப்பையில் போட்டாள். தன் விரல்களை மோந்து பார்த்தாள்.

"இந்த நாத்தம் சோப்பு போட்டா போவுமா?"

"சீயக்கா போட்டா போயிடும்மா."

"அப்ப செரி" என்று சொல்லிவிட்டு அம்மா வண்டியை உதைத்தாள்.